வெற்றியுரைக்கு உச்சுக்கொட்டுதல்: தங்கவயலை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

தேர்தலில் ஜெயித்தவர் என்ன பேசினார் என்று ஆராய்ந்தவர்கள் ஏராளம். கேட்டவர் என்ன செய்தார் என்று ஆராய ஆளில்லை. 2008 நவம்பரில் சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் ஒபாமா பேசிய இரவில், ஜெஸ்ஸி ஜாக்சன் கன்னத்தில் கண்ணீர் வழிய நின்றதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே ஆண்டு மே மாதம் கோலார் தங்கவயலிலும் ஒரு புதியவர் ஜெயித்தார். அன்று அங்குள்ள ராபர்ட்சன்பேட்டையில் யார் யார் கண்ணில் நீர் வந்தது, அது உணர்ச்சியாலா, பட்டாசுப் புகையாலா, சுரங்கக் கழிவான சயனைட் மேட்டுத் தூசியாலா என்று ஒரு குறிப்பும் கிடையாது. அறிவுலகத்தின் இந்தப் பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை.

களம்

வெற்றியுரை ஆய்வுக்குத் தங்கவயலைப்போலத் தோதான தொகுதி கிடைப்பது அரிது. இந்த ஊர் வெகுகாலம் யாரையும் அடுத்தடுத்து இரண்டு முறை உட்காரவிடவில்லை. 1989இல் அ.தி.மு.க.வின் பக்தவத்சலம். 1994இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் ராஜேந்திரன். 1999இல் மறுபடி பக்தவத்சலம், 2004இல் மறுபடி ராஜேந்திரன். 2008இல் பா.ஜ.க.வின் சம்பங்கி, 2013இல் அவருடைய தாயார் ராமக்கா, 2018இல் காங்கிரஸின் ரூபகலா. கர்நாடகச் சட்டமன்றத்துக்கு இரட்டை இலையில் ஆள் அனுப்பிய ஊரா என்று வெளியூர்க்காரர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். உள்ளூரில் அது செய்தியே இல்லை. ஆக, ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஒரு புதுமுகம், அல்லது புதுமுகமாகத் திரும்பி வந்த பழைய முகம், ஜீப்பில் ஏறி நன்றி சொல்லும். 2023 மே 13ஆம் தேதி ரூபகலாவே மீண்டும் ஜெயித்து இந்த ஒழுங்கைக் கலைத்தார். அவரை எனக்கு ஆதரிக்கவும் தெரியாது, எதிர்க்கவும் தெரியாது. ஆய்வாளன் என்ற முறையில் மட்டும் சற்று வருத்தம்.

பெயர்களைச் சொன்னேனே தவிர, இவர்களில் எவருடைய பேச்சையும் தனியாக எடுத்து அலசப் போவதில்லை. அவசியமும் இல்லை. வெற்றியுரை ஆளிடமிருந்து வருவதில்லை, ஜீப்பிலிருந்து வருகிறது. ஐந்தாவது மாலை விழுந்து ரோஜா இதழ் மோவாயைத் தொட்டதும் தானாகவே தொடங்கிவிடும். முதல் வாக்கியம், "இது என் வெற்றி இல்லை, உங்கள் வெற்றி." கூட்டத்தில் யாரும் அதை மறுப்பதில்லை. மறுநாள் முதல் கார் யாருடையது என்பதில் யாருக்கும் குழப்பம் வருவதும் இல்லை.

இன்னொரு சிக்கலையும் பதிவு செய்ய வேண்டும். 2008இல் தொகுதிகளை மறுவரையறை செய்தபோது பேத்தமங்கலா தொகுதி மறைந்து, அந்தப் பக்கத்துக் கிராமங்கள் தங்கவயலோடு சேர்ந்தன. அதுவரை மைன்ஸ் தொழிலாளர் லைன்களின் தமிழ் ஓட்டை நம்பி ஓடிய வண்டி தடம் மாறியது. இப்போது தமிழில் நன்றி, கன்னடத்தில் நன்றி, தெலுங்கில் நன்றி. மூன்றும் முடிவதற்குள் பட்டாசு வெடிக்கிறவன் அடுத்த சரத்தைப் பற்றவைத்துவிடுவான்.

முறை

கருவிகள்: இரண்டு காது, ஒரு கிளாஸ் டீ. சதவீதம் எதுவும் தரப்படவில்லை. எம்.ஜி. மார்க்கெட் வாசலில் நின்று, "பேச்சை நம்பினீர்களா, இல்லையா?" என்று கணக்கெடுத்தால், "நீ எந்தக் கட்சி?" என்பதுதான் எல்லாக் கட்டத்திலும் பதிலாக விழும். துண்டால் மூக்கை மூடிக்கொள்வதையும் எதிர்வினையாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்று அடிக்கும் நாளில் சயனைட் மேட்டுப் பொடி ஊருக்குள் இறங்கும், துண்டு அதற்காக.

வகைப்பாட்டுக்கு முதலில் தொல்காப்பியரிடம் போனேன். மெய்ப்பாட்டியலில் அவர் எட்டு தருகிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. கட்சிக்காரர்களிடம் பெருமிதமும் உவகையும் தாராளமாகக் கிடைத்தன. தோற்ற தரப்பு கதவைச் சாத்திக்கொண்டதால் வெகுளியை அளக்க முடியவில்லை. மருட்கை, அதாவது வியப்பு, ஓரிடத்தில்தான் தென்பட்டது: ஜே.சி.பி. எந்திரத்தின் கையில் தொங்கவிட்ட ஆப்பிள் மாலையைப் பார்த்த பிள்ளைகளிடம். அவர்களுடைய கவனமும் மாலையைப் பிய்க்கப் போகும் நேரத்தின் மீதே இருந்தது.

ஆனால் சாலை ஓரத்தில், கடைப் பலகையில், சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றவர்களிடம் கண்ட எதிர்வினை எட்டிலும் அடங்கவில்லை. ஒன்பதாவதாகச் சமநிலை என்று ஒன்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. இது சமநிலையும் அல்ல. உச்சுக்கொட்டுதல்.

உச்சு

பல்லி உச்சுக்கொட்டினால் எந்தத் திசையில், எந்தக் கிழமையில், என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். ஓட்டுப் போட்ட மனிதன் உச்சுக்கொட்டினால் பலன் சொல்ல ஒரு வரி இல்லை. ஜனநாயகத்தில் பல்லிக்குள்ள மரியாதை வாக்காளனுக்குக் கிடைக்கவில்லை என்று யாராவது கட்டுரை எழுதலாம். இது அந்தக் கட்டுரை அல்ல.

களத்தில் கேட்டவரை, உச்சு பலவகை. வாய் மூடியபடி ஒற்றையாக விழுவது, "இதையும் சொல்லிட்டாரு." தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு முறை விழுவது, "இதையே போன ஆளும் சொன்னாரு." மூன்றாவது, உச்சுக்கொட்டிவிட்டு டீக்கடைக்காரரைப் பார்ப்பது; இதில் கருத்து எதுவும் இல்லை, சர்க்கரை கம்மி. இதை முதல் வகையோடு குழப்பிக்கொண்டு ஏமாந்த தலைவர்கள் இருக்கலாம்.

உம் கொட்டுவது வேறு. உம் கொட்டுகிறவர் கதையைக் கேட்கிறார். உச்சுக்கொட்டுகிறவர் கதை சொல்பவரைப் பார்க்கிறார்.

எந்த வாக்கியத்தில் உச்சு விழுகிறது என்பதுதான் முக்கியம். நன்றிக்கு விழவில்லை. குடிநீருக்கு விழவில்லை. சாலைக்கு விழவில்லை. "மைன்ஸ்" என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்ததும் விழுகிறது.

இதற்குச் சற்றுப் பின்னணி வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் இந்த மண்ணிலிருந்து போயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துக் கரண்டு கொண்டுவந்தார்கள், பெங்களூருக்கு விளக்கு எரிவதற்கு முன்பே. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். அதற்கு முன் ஜெயித்தவர்கள் மூட விடமாட்டோம் என்பார்கள். அதற்குப் பின் ஜெயித்தவர்கள் திறப்போம் என்பார்கள். உலகளாவிய டெண்டர் விடலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூனில், பதின்மூன்று கழிவு மண்மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஏலம் விடலாம் என்று மாநில அமைச்சரவை ஒத்துக்கொண்டது. சுரங்க ஷாப்டு மூடியபடியேதான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் பேச்சைக் கேட்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்து, கண்ணைத் தரையில் வைத்திருந்தார். விசாரித்தபோது விளங்கியது. அண்டர்கிரவுண்டில் வேலை இடத்துக்குப் போனதும் முதல் காரியம், தலைக்கு மேலே உள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது. கணீரென்றால் கெட்டி; கீழே நின்று வேலை செய்யலாம். பொத்தென்றால் உள்ளே விரிசல். விலகி நிற்க வேண்டும். முப்பது வருஷம் இப்படிக் கேட்டுப் பழகிய காது, மைக்கில் வருவதையும் அப்படித்தான் கேட்கிறது.

"என்ன சத்தம் வருது, பெரியவரே?"

"பொத்துன்னுதான் வருது, தம்பி. ஆனா தட்டாம விடக்கூடாது."

பேச்சு பொத்தென்று இருப்பதற்காக இவர்கள் வீட்டுக்குப் போய்விடுவதில்லை என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். முழுவதும் கேட்டுவிட்டு, ஓட்டும் போட்டுவிட்டு, அடுத்த முறையும் வருகிறார்கள். பேச்சுக் கேட்பதில் இந்த ஊருக்கு அனுபவம் ஜாஸ்தி. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த காலத்திலிருந்து சங்க மேடைகள். சாம்பியன் ரீஃப்ஸில் பௌத்த சங்கத்துக்காரர்கள், சித்தார்த்தா அச்சகத்து ஆட்கள். 1954இல் அம்பேத்கரே வந்து போனார். அப்படிப்பட்ட ஊரிடம் "உங்கள் வெற்றி" என்று ஆரம்பித்தால், சங்கீத சபையில் முதல் வரிசைக்காரர் போல லேசாகத் தலையை ஆட்டுவார்களே தவிர, எழுந்து ஆடமாட்டார்கள்.

ரயில்

மறுநாள் விடியற்காலைத் தரவுகள் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் சேகரிக்கப்பட்டன. மைன்ஸ் மூடியபின் ஊரில் பாதிப்பேருக்குப் பிழைப்பு அந்த ரயிலில். விடியுமுன் ஏறி, இருட்டியபின் இறங்குகிறவர்கள். வெற்றியுரையை நேரில் கேட்டவர்கள் இவர்களில் குறைவு. செல்போனில் கேட்டவர்கள், கேட்டதாகச் சொல்கிறவர்கள் அதிகம். சீட்டாட்டத்தின் நடுவே நடந்தது இது:

"இன்னாணா சொன்னாரு நேத்து?"

"மைன்ஸ் தெறக்கறாராம்."

"எப்போ?"

"அத்த சொல்லல."

"நம்ம ட்ரெய்னுக்கு எக்ஸ்ட்ரா பெட்டி?"

"அதுவும் சொல்லல."

"அப்போ இன்னாதான் சொன்னாரு?"

"நன்றி சொன்னாருப்பா. சீட்டப் போடு."

இந்த உரையாடலில் உச்சு ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் சீட்டு ஓங்கி விழுந்தது. இளைய தலைமுறையில் உச்சு வேறு உறுப்புக்கு இடம் மாறுகிறதா என்பது தனி ஆய்வுக்குரியது.

குழாயடி

பெண்களிடம் கிடைத்த முடிவு என் கருதுகோளையே ஆட்டிவிட்டது. 2023இல் காங்கிரஸார் மாநிலம் முழுக்க ஐந்து உத்தரவாதங்களைப் பேசினார்களே, அவற்றுக்குக் குழாயடியில் உச்சு விழவில்லை. குடும்பத் தலைவிக்கு மாதம் 2000 ரூபாய் என்றதும் விழுந்தது கேள்வி: "ரேஷன் கார்டுல தலைவி யாரு, நீயா உங்க மாமியாரா?" பல வீடுகளில் இதற்கு முன் எழுந்தேயிராத அரசியல் சட்டப் பிரச்சினை. ஒரு வீட்டில் மாமியார் கார்டை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். ஜூன் 11ஆம் தேதி முதல் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம் என்று தேதியோடு வந்தபோது, கோலாருக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதே விவாதம்.

ஆக, தேதியும் தொகையும் உள்ள வாக்குறுதிக்குச் சண்டை வருகிறது. இல்லாததற்கு உச்சு வருகிறது. சண்டை வந்தால் தலைவர்கள் சந்தோஷப்பட வேண்டும். என் அனுபவத்தில் அவர்கள் உச்சு விழும் கூட்டத்தைத்தான் அமைதியான கூட்டம் என்று பாராட்டுகிறார்கள்.

பொறுமை பற்றி ஓர் இடைக்குறிப்பு

தங்கவயல் ஏன் இவ்வளவு காலம் காத்திருக்கிறது என்று வியப்பவர்களுக்கு விஞ்ஞானத்தில் விடை இருக்கிறது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், டாட்டா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகாக்காரர்களும் இங்கிலாந்தின் டர்ஹாம்காரர்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைப் பிடித்தார்கள். எதிலும் ஒட்டாமல், பூமியையே துளைத்துக்கொண்டு போகும் வஸ்து அது. ஒன்று சிக்குவதற்கு வெகுநாள் கருவி வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதோடு விட்டார்களா? 1980 வாக்கில் இன்னும் பெரிய கருவியை இறக்கி, புரோட்டான் சிதையுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். புரோட்டானின் ஆயுள், பிரபஞ்சத்தின் வயதை எத்தனையோ முறை அடுக்கினாலும் எட்டாதது. உறுதியாகச் சிதைந்ததாக உலகில் எங்கும் இன்றுவரை தகவல் இல்லை. அந்தக் கருவிக்குப் பக்கத்து லெவலில் வேலை பார்த்த மனிதர்களிடம் போய் "கூடிய விரைவில்" என்று சொன்னால், அவர்கள் அதை இயற்பியல் அளவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அவசரப்படுத்துவதில்லை.

வகைக்குள் அடங்காத ஒருவர்

கடைசியாக, மைக்செட்காரர். எல்லாக் கட்சிக்கும் அவர்தான். ஜெயிக்கிறவர் வீட்டுக்கு வண்டி போகும். தோற்கப் போகிறவரிடம் அட்வான்ஸ் முன்பே வாங்கியிருப்பார். இத்தனை ஆண்டுகளில் இந்த ஊரில் அதிக வெற்றியுரைகளை மிக அருகிலிருந்து கேட்டவர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஆப்பிள் மாலை பிய்ந்து, கூட்டம் கலைந்து, ஃபைவ் லைட்ஸ் பக்கம் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவரைப் பிடித்தேன்.

"இன்னைக்குப் பேச்சு எப்படிண்ணே இருந்துச்சு?"

"பேஸ் கொஞ்சம் ஏறிப்போச்சு. எக்கோவ கொறைக்கச் சொன்னாங்க, கொறைச்சேன்."

"இல்ல, என்ன பேசுனாருன்னு..."

"யாரு?"

இவரை எட்டிலும் ஒன்பதிலும் சேர்க்க இயலாததால், அட்டவணையில் "இதரர்" என்று போட்டிருக்கிறேன். அட்டவணையை இணைக்க இடம் போதவில்லை. வாடகை பாக்கி இருக்கிறது என்று அவர் மட்டும் ஒரு நகல் கேட்டிருக்கிறார், எந்தக் கட்சியிடம் காட்டவோ தெரியவில்லை.