தொப்பிக்கு ரவை, மணிக்கட்டுக்குத் தைலம்

மிருதங்கம் ரவை சாப்பிடும். கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடப்பக்கத் தொப்பியின் நடுவில் அப்பினால்தான் கும்கி நாதம் பேசும். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இந்தக் காலத்தில் சிலர் சிலிக்கான் பசையை ஒட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நான் பழைய முறைக்காரன். அதாவது, என் மனைவியின் ரவை டப்பாவை நம்பித் தொழில் செய்கிறவன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாமிக்குக் கேசரி கிண்டலாம் என்று அவள் டப்பாவைத் திறந்தாள். உள்ளே கரண்டி மட்டும் இருந்தது.

“ஏங்க, சாமிக்கு வச்சிருந்த ரவை எங்க?”

“அதுவும் கோயில் கச்சேரிக்குத்தான் போச்சு” என்றேன். பதிலில் எனக்கு ஒரு பெருமை. மிச்சத்தை மறுநாள் அடுப்படி சிங்க் சொன்னது. சுரண்டிய ரவையையெல்லாம் அதில்தான் கழுவி விட்டுக்கொண்டிருந்தேன். குழாயைக் கழற்றிய பிளம்பர் உள்ளேயிருந்து வந்த கட்டியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் சுவர் பூசுகிறோமா என்று கேட்டார்.

எங்கள் வீடு ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் டோல்தான் ஞாபகம் வரும். மெனோரா சுரங்கத்தைத் தாண்டி மலையிறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதுவது வாடிக்கையாகப் போய், 2009இல் அந்தச் சாவடியையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் என் வீட்டுக்கு வழி கேட்பவர்களுக்கு ‘பழைய டோல் பக்கம்’ என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். இல்லாத ஒன்றை அடையாளம் காட்டி வரவழைப்பதில் இசைக்கலைஞனுக்குச் சிரமம் கிடையாது. வருமானத்தையும் அப்படித்தான் சொந்தக்காரர்களுக்குக் காட்டுகிறோம். தைப்பூசம் வந்தால் புந்தோங், கல்லுமலை என்று உறுமி மேளத் தம்பிகளுக்குத்தான் மவுசு. எனக்குக் கிடைப்பது அரங்கேற்றம், கல்யாணம், கோயில் உற்சவம். கோலாலம்பூரில் வாசிக்க வேண்டுமென்றால் 200 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய், வாசித்து, பொட்டலச் சாப்பாட்டோடு திரும்ப வேண்டும். வார நாளில் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம். மனைவி தாதி, ஷிப்டு வேலை. ஆகவே சமையலில் பாதி என் தலையில்.

சமையலில் எனக்கு ஒரே தொல்லை தாளம். வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் கத்தி மிஸ்ர சாப்பில்தான் விழும். ஏழாவது வெட்டு எப்போதும் தடிப்பு. சாம்பாரில் அந்தத் துண்டை மட்டும் மனைவி பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்து எனக்குக் காட்டுவாள். ஒருநாள் பருப்பை வைத்து, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். முதல் விசிலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மனதுக்குள் ஒரு கோர்வை ஓடியது. நல்ல கோர்வை. மூன்று முறை சொல்லிச் சமத்தில் வந்து இறங்க வேண்டும். குக்கர் அரை அட்சரம் முந்திக் கூவிவிட்டது. தப்பு என்மேலா அதன்மேலா என்று பார்க்க மறுபடி கணக்குப் போட்டேன். இன்னொரு தரம் போட்டேன். கடைசியில் கோர்வை அப்பழுக்கில்லாமல் வந்து விழுந்தது. அதற்குள் பருப்பு குக்கரை விட்டுக் கிளம்பிச் சுவர் வரைக்கும் போயிருந்தது. அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டி அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினார். அவர் தட்டிய இடம்தான் சரியான சமம்.

இப்படியிருக்கும்போது ஒரு காலையில் காப்பிக் கோப்பையைத் தூக்கினேன். வலது கட்டைவிரலின் அடியில் சுளீரென்று ஒரு வலி. கோப்பை கீழே.

சேதி பரவிவிட்டது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில், மாஸ்டர் ராத்திரி பகல் பாராமல் சாதகம் பண்ணியதால் வந்த வினை என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். எனக்கு மறுக்க மனம் வரவில்லை. சாதகம் செய்து கை போவது ஒரு கௌரவம். ஒருவர் கோடாலித் தைலம் கொண்டுவந்தார். இன்னொருவர் லங்காவியிலிருந்து வாங்கிவந்த மினியாக் கமாட், கடலட்டை எண்ணெய். மூன்றாமவர் ‘கோயோ’ வலிப் பட்டை ஒட்டச் சொன்னார். யார் மனமும் நோகக் கூடாது என்று மூன்றையும் போட்டுக்கொண்டேன். பாடத்துக்கு வந்த பிள்ளைகள் கதவோரமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

தூக்கம் வராத ராத்திரியில் கைப்பேசியில் தேடினால் பெரிய பெரிய ஆட்கள் எனக்குத் துணைக்கு வந்தார்கள். ஜெர்மனியில் ராபர்ட் ஷுமன் இருபது சொச்சம் வயதில் வலக்கை விரல் கெட்டுப் பியானோ வாசிப்பைக் கைவிட்டாராம். விரலுக்கு வலுவேற்ற ஏதோ கருவியை மாட்டிக்கொண்டதால் வந்தது என்று ஒரு கதையும் உண்டு. பிறகு இசை எழுதியே பேர் வாங்கினார். இதை மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன்.

“அவர் பொண்டாட்டி?”

“கிளாரா. பெரிய பியானோ கலைஞர். ஊர் ஊராக் கச்சேரி செஞ்சு சம்பாதிச்சவங்க.”

“அது தெரியுது” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளே அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு ரிங்கிட் கட்டணத்தில் என் கௌரவம் கரைந்தது அங்கேதான். டாக்டர் இளம் மலாய்ப் பெண். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் பொத்தி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். சாய்த்தேன். வாயிலிருந்து வந்த சத்தம் எந்த ராகத்திலும் இல்லை. டி குவர்வேன் என்றார். 1895இல் அந்தப் பெயருள்ள சுவிஸ் மருத்துவர் எழுதிவைத்த நோயாம். கட்டைவிரலை இழுக்கிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் போகின்றன. உறை தடித்துவிட்டால், பாவாடைத் தையலுக்குள் சிக்கிய நாடாவைப் போல அவை நகர மறுக்கின்றன.

“வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? தூக்கித் தூக்கி அம்மாக்களுக்குத்தான் இது அதிகம் வரும்.”

“இல்லை டாக்டர். நான் மிருதங்க வித்துவான்” என்றேன் பணிவோடு.

“கையை முறுக்கிச் செய்கிற வேலை ஏதாவது? துணி பிழிவது, சந்தான், அதாவது தேங்காய்ப்பால், பிழிவது?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி நிமிர்ந்தாள். பொட்டலத் தேங்காய்ப்பாலில் ருசியில்லை என்று மார்க்கெட்டில் திருகிய தேங்காயை வாங்கிவந்து, துணியில் கட்டி, கடைசிச் சொட்டு வரைக்கும் நான் முறுக்குகிற வரலாறு முழுவதையும் மலாயில் சரளமாக எடுத்துச் சொன்னாள். டாக்டர் கணினியில் தட்டினார். திரையில் எட்டிப் பார்த்தேன். சாதகம் என்று எங்கேயும் இல்லை.

கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டுகிற பட்டை, மாத்திரை, ஐஸ், சில வாரம் ஓய்வு; அடங்காவிட்டால் ஊசி.

பட்டையோடு என் ஆயாவைப் பார்க்கப் போனேன். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெளிச்சம் வருமுன் நெரைக்குப் போய் 400, 500 மரம் கோடு போட்டுவிட்டுத்தான் பசியாறுவாராம். அவருக்கும் இதே இடத்தில் வலி இருந்ததாம்; பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் நெரைக்குப் போய்விடுவார். அதற்குச் சுவிட்சர்லாந்திலிருந்து யாரும் பேர் வைக்கவில்லை. என் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீ எத்தன மரம்டா வெட்டுன?”

“தேங்காப்பால் பிழிஞ்சேன் ஆயா.”

ஆயா சிரித்துச் சிரித்துக் கடைசியில் அவருக்குத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

வலக்கை போனால் இடக்கை என்று மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையை நினைத்துக்கொண்டு மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டேன். அவர் இடக்கைக்காரர். மேடையில் உட்காரும் பக்கமே மாறுகிறது என்று அந்தக் காலத்தில் பக்கவாத்தியக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்காக நின்றார். எனக்காக நிற்க யாரும் வரவில்லை. என் இடக்கையின் சத்தத்தைக் கேட்டு மனைவிதான் வந்தாள், வாசலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று.

ஆகவே பாடம் முழுக்க வாயால் நடந்தது. நான் சொல்கட்டுச் சொல்ல, பிள்ளைகள் வாசித்தார்கள். இரண்டே வாரத்தில் அவர்கள் வாசிப்பு தெளிந்துவிட்டது. அதுவரை அவர்கள் தடுமாறும் இடத்திலெல்லாம் நான் மேலே விழுந்து வாசித்து மூடிக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ஓர் அம்மா மெதுவாகக் கேட்டார்: “மாஸ்டர், கை நல்லா ஆனதுக்கு அப்புறமும் இப்படியே சொல்லிக் கொடுக்கலாமா?”

அந்த வாரமே கோயில் கமிட்டியிலிருந்து போன் வந்தது. கையைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள். உற்சவத்தில் என் கச்சேரியை வேறு தேதிக்கு மாற்றத்தான் கேட்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன்.

“தம்பி, வலக்கைதானே போச்சு? இடக்கை நல்லாத்தானே இருக்கு?”

“இருக்குங்க அண்ணே.”

“அன்னதானத்துக்கு ஆள் பத்தலப்பா. பரிமாற வேணாம், இடக்கையால பரிமாறுனா சனங்க பேசும். பின்னாடி உட்காந்து வெங்காயத்த மட்டும் உரிச்சுக் குடுத்துடு. கச்சேரிக்கு வேற ஆள் பாத்துட்டோம்.”