மூன்றாம் பாடம் வரை

ஓய்வு பெற்ற ஆண்களில் காலை நடை முடிவதற்குள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. கோயில் கமிட்டியில் புகுந்து முளைப்பாரி ஊர்வலத்துக்கு மைக் பிடிக்கிறவர்கள் உண்டு. இவர்கள் கதையிலும் சினிமாவிலும் வேண்டிய மட்டும் வந்துவிட்டார்கள். சமீப காலமாகத் தெருவுக்கு ஒருவர் வேறு மாதிரி முளைத்திருக்கிறார். அறுபது முடிந்த கையோடு மறுபடி படிக்கக் கிளம்பியவர். என்ன படிக்கிறார் என்று கேட்டால், இந்த மாதத்துக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும்.

மதுரையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவரை எல்லோரும் ‘சார்’ என்றே கூப்பிடுகிறோம். கருவூலத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். அடுத்தவர் கொண்டுவரும் பில்லில் குற்றம் கண்டுபிடித்து, ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம் வாங்கியவர். 58 வயதில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அரசு 2020-ல் ஓய்வு வயதை 59 ஆக்கியது, அடுத்த வருஷமே 60 ஆக்கியது. அந்த இரண்டு வருஷத்தை அவர் மனைவி இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறார்.

சார் எதைக் கற்கத் தொடங்கினாலும் முதல் வேலை கடைக்குப் போவது. இருநூறு பக்க நோட்டு, பிரவுன் தாள், லேபிள். அட்டை போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூலையைக் கத்தரித்து, உள்பக்கம் மடித்து, ஒரு சுருக்கம் விழாமல் போடுவார். லேபிளில் பெயர், பாடம் எல்லாம் எழுதிவிட்டு ‘வகுப்பு’ என்ற இடம் வந்ததும் பேனா நிற்கும். பிறகு ‘ஓய்வு’ என்று எழுதுவார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. முதல் மூன்று பாடத்துக்குத் தலைப்பு சிவப்பு மை, உள்தலைப்பு பச்சை, விஷயம் நீலம். நான்காம் பாடம் பென்சிலில் இருக்கும். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து பால் கணக்கு. அந்த வீட்டில் பால் கணக்கு நோட்டுகள் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. மேலட்டையில் மட்டும் தேனீ வளர்ப்பு, சோப்புத் தயாரிப்பு, ஜப்பானிய மொழி என்று இருக்கும்.

ஜப்பானிய மொழி நின்றுபோனதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர்தான் காரணம். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டவர் அவர். மற்ற மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. சார் ஒப்புக்கொண்டார். இரண்டு மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது என்று தெரிந்த அன்றே, “அப்ப நமக்கு ஏற்கெனவே பாதி தெரிஞ்ச மொழிதானே, இதுக்கு எதுக்கு மாசச் சந்தா?” என்று நோட்டை மூடினார்.

புல்லாங்குழலில் இவ்வளவு சுலபமான வழி கிடைக்கவில்லை. வகுப்பு மாலை ஐந்து மணிக்கு, ஒரு மாடிவீட்டுக் கூடத்தில். சாரைத் தவிர மற்ற மாணவர்களுக்கு இன்னும் பால்பல் விழுந்து முடியவில்லை. ஆசிரியர் சாருடைய மகனைவிடச் சின்னவர். அவர் உள்ளே வந்ததும் சார் மடக்கிய காலைச் சிரமப்பட்டுப் பிரித்து எழுந்து நிற்பார். “அய்யோ உக்காருங்க சார்” என்று ஆசிரியர் பதறுவார். குரு வரும்போது சிஷ்யன் உட்காரக் கூடாது என்பார் சார். மற்ற பிள்ளைகளும் எழுந்துவிடும். இந்தக் கூத்து முடிந்துதான் தினமும் பாடம்.

குழலில் முதல் தொல்லை சுரமில்லை, சத்தம். உதட்டைத் துளையின் விளிம்பில் சரியான கோணத்தில் வைத்து ஊதினால்தான் காற்று நாதமாகும். சாருக்குப் பல நாள், கேஸ்கெட் போன குக்கர் மாதிரி வெறும் காற்றுதான் வந்தது. ஒருநாள் சத்தம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம் அவர் பறவை பார்ப்பவராக இருந்ததால், குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் செயலி போனில் மிச்சமிருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ‘ஸ’ ஊதினார். செயலி சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, செம்போத்து என்றது. செம்போத்தின் குரலைக் கேட்டவர்கள் யாரும் செயலியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

“நல்ல சகுனம்தாங்க” என்றார் அவர் மனைவி, கைவேலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

என் மகளும் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். கூட்டிவரப் போன ஒருநாள் பார்த்தேன். சரளி வரிசையை ஆதி தாளம் போட்டுப் பாடச் சொல்லியிருந்தார் ஆசிரியர். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. சார் ஆள்காட்டி விரலில் ஆரம்பித்தார். முப்பத்து நான்கு வருஷமும் ஆட்சேபணைகளை அப்படித்தான் எண்ணியிருக்கிறார். ஒன்று, வவுச்சர் இல்லை. இரண்டு, கையெழுத்து இல்லை. பக்கத்தில் இருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, “தாத்தா, சுண்டு விரல்” என்றாள். மறுபடி ஆள்காட்டி விரல். “தாத்தா, நீங்க தப்பாப் போடுறதுனால எனக்கும் தப்பாகுது.” அதற்கும் சரிவராமல் போகவே, அவளே அவர் கையைப் பிடித்து இழுத்து, சுண்டு விரலைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். சார் அதை விடுவித்துக்கொள்ளவில்லை. இரண்டு சுற்று அவள் கை வழியாகத்தான் அவர் தாளம் நடந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

நம் ஊரில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் உரிமை வயதாக ஆகக் கரைந்துகொண்டே போகிறது. நாற்பதில் சொன்னால் கேலி, ஐம்பதில் சொன்னால் சந்தேகம், அறுபதில் யாரும் கேட்பதே இல்லை, தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா விதியும் தெரிந்தவராக ஒரு ஆபீஸையே நம்ப வைத்துக் கொண்டிருந்த மனிதருக்கு, ஒரு பிள்ளையிடம் விரலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது என்ன சுகமாக இருந்திருக்கும்! இதை அவரிடமே சொன்னேன். “நல்லா இருக்கே, நோட்டுல எழுதிக்கிறேன்” என்றார்.

ஆனால் இந்தப் பணிவு வகுப்பறைக்கு உள்ளே மட்டும். ஐந்து மணிக்குக் கற்றதை ஆறு மணிக்கு டீக்கடையில் கற்பிக்கத் தொடங்கிவிடுவார். மாயாமாளவகௌளை எத்தனையாவது மேளகர்த்தா என்று வடை போடுகிறவரிடம் கேட்டு, அவர் விழிக்கும்போது “பதினஞ்சு” என்று தாமே சொல்லிக்கொள்வார். அந்தக் கடையில் வடை போடுகிறவருக்கு இப்போது தேனீயைப் பற்றியும் ஓரளவு தெரியும்.

கல்வெட்டு மாதம்தான் தெரு மறக்காத மாதம். மதுரையில் இருந்துகொண்டு அந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். மாங்குளம், அரிட்டாபட்டி, ஆனைமலை, அழகர்மலை, கீழவளவு, திருப்பரங்குன்றம் என்று ஊரைச் சுற்றிக் குன்றுகளில் இரண்டாயிரம் வருஷத்து எழுத்து. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் போய்வந்த சார், அன்று முதல் நிகழ்கால எழுத்தைக் கைவிட்டார். தமிழி என்ற அந்தப் பழைய எழுத்தில் ‘க’ என்பது ஒரு கூட்டல் குறி, ‘ர’ என்பது ஒரு நேர்கோடு. மறுநாள் மளிகைச் சீட்டை அவரே எழுதிக் கொடுத்தார். கடுகு, கடலைப் பருப்பு, கருப்பட்டி, கசகசா. கடைத் தம்பி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், எல்லாம் கூட்டலாப் போட்டிருக்கீங்க, எதைக் கூட்டணும்னு சொல்லலையே?” என்றான். சார் அங்கேயே அவனுக்கு ‘ட’ வரைந்து காட்டினார். பின்னால் மூன்று பேர் தேங்காயெண்ணெய்க்குக் காத்திருந்தார்கள்.

அடுத்து மைப்படி. கல்லைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்தில் தாளை உட்கார வைத்து, மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றினால், கறுப்பில் எழுத்து வெள்ளையாக எழும்பும். பாதுகாக்கப்பட்ட கல்வெட்டில் நினைத்தவரெல்லாம் போய் இதைச் செய்ய முடியாது, அனுமதி வேண்டும். அதனால் வீட்டு அம்மியில் எடுத்தார். உண்மையிலேயே அழகாக வந்திருந்தது. கறுப்புத் தாளில் நெருக்கமாக வெள்ளைப் புள்ளிகள், கோடுகள். சார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இங்க பாரு, ஒரு ‘க’ மாதிரி தெரியுது.”

“அது போன தைக்கு அம்மி கொத்துறவர் போட்டது” என்றார் மனைவி.

மறுநாள் அந்த வீட்டுத் தேங்காய்ச் சட்னி லேசான சாம்பல் நிறத்தில் இருந்ததாகக் கேள்வி.

அரிட்டாபட்டிக்கு ஒரு முறை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஒரே குன்றில் கல்வெட்டும் உண்டு, பருந்தினங்களும் உண்டு என்பதால், சார் பழைய மாதத்தையும் புது மாதத்தையும் ஒரே பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தலைக்கு மேல் ஏதோ ஒன்று சிறகடிக்காமல் வட்டமிட்டது. பைனாகுலரை எடுக்கப் பையைத் திறந்தால் பூதக்கண்ணாடி வந்தது, பிறகு பிரஷ் வந்தது. அதற்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அண்ணாந்துகூடப் பார்க்காமல், “வல்லூறுங்க. காலையில இருந்து இங்கனயேதான் சுத்துது” என்றார். சார் உடனே நோட்டை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் கல்வெட்டுப் பக்கமே போகவில்லை. ஆட்டுக்கு வரும் நோய்களைப் பற்றி மூன்று பக்கம், மூன்று வண்ணத்தில்.

வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அவர் கையில் எடுக்கும் ஆயுதம் ஐராவதம் மகாதேவன். “அவர் ஐ.ஏ.எஸ். வேலையை 1980-ல விட்டுட்டு வரலையா? கல்வெட்டுல உலகமே திரும்பிப் பார்க்குற மாதிரி சாதிக்கலையா?”

ஒரு நாள் மனைவி பதில் சொல்லிவிட்டார். “சாதிச்சார். வேலையில இருந்த காலத்துலயே ஆரம்பிச்சு, 2003-ல பெரிய புத்தகம் வர்ற வரைக்கும் குகை குகையா ஏறி இறங்குனார். நீங்கதான சொன்னீங்க. நடுவுல புல்லாங்குழல் ஊதுனாரா?”

சார் அசரவில்லை. கேரளத்துக் கார்த்தியாயனி அம்மாவை அழைத்தார். 2018-ல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியவர். “அந்தம்மா வயசுக்கு எனக்கு இன்னும் முப்பத்து மூணு வருஷம் இருக்கு” என்றார். கணக்கு சரியாக இருந்ததால் மனைவி மேற்கொண்டு பேசவில்லை.

உண்மையைச் சொன்னால் சார் ஒன்றே ஒன்றை முடித்திருக்கிறார். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் படிப்பில் ஒன்று, பன்னிரண்டு வாரம். பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம், ஆயிரம் ரூபாய். பன்னிரண்டு வாரப் பயிற்சிகளில் சிறந்த எட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்ற விதியைச் சார் படித்துவிட்டார். கருவூலத்துக்காரர், எட்டோடு நிறுத்திக்கொண்டார். தேர்வு மையத்தில் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். வாசலில் இருந்த பெண், “பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய வெயிட் பண்ணுங்க சார்” என்றாராம். சார் ஹால்டிக்கெட்டை நீட்டினார். போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாராம். 52 மதிப்பெண். அறுபது இருந்தால்தான் சான்றிதழில் ‘எலைட்’ என்று போடுவார்கள். ‘எலைட்’ இல்லாத சான்றிதழ் இப்போது ஹாலில், பணி நிறைவு மாலையோடு எடுத்த போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இத்தனையும் நடந்துகொண்டிருந்த காலத்தில் அடுத்த தெருவில் ஆரி எம்பிராய்டரி வகுப்புக்குப் போய்வந்தவர் அவர் மனைவி. நோட்டு கிடையாது, லேபிள் கிடையாது, டீக்கடையில் ஒரு வார்த்தை கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டுப் போவார், காபி நேரத்துக்குத் திரும்பிவிடுவார். இன்றைக்குக் கல்யாண ஜாக்கெட்டுக்கு விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்த கையோடு நேரே அவர் வீட்டுக்கு வருகிறார்கள். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இவரை யாரும் ‘இந்த வயசுலயும் படிக்கிறாங்க’ என்று வியந்ததில்லை. ‘அக்கா தைக்கிறாங்க’ என்பதோடு சரி. நானும் பாருங்கள், இவ்வளவு தூரம் சாரைப் பற்றியே எழுதிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறேன்.

போன வாரம் சார், மனைவி துணியைக் கட்டித் தைக்கும் மரச்சட்டத்தின் முன் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வலது கையில் கொக்கி வைத்த ஊசி, துணிக்கு அடியில் இடது கையில் நூல். ஊசி இறங்குகிறது, அடியில் நூல் கொக்கியில் சுற்றிக்கொள்கிறது, ஊசியை ஒரு சொட்டுத் திருப்பி மேலே எடுத்தால் ஒரு கண்ணி. திருப்ப மறந்தால் கொக்கி துணியைக் கிழிக்கும். அடிக்கை என்ன செய்கிறது என்று தைப்பவருக்கும் தெரியாது, விரலே பார்த்துக்கொள்ள வேண்டும். சார் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டு, கையில் பிரவுன் அட்டை போட்ட நோட்டோடு திரும்பி வந்தார்.

“நோட்டெல்லாம் வேணாம்” என்றார் மனைவி. “ஆயிரம் ரூவா முன்பணம். பாதியில நின்னா திருப்பித் தர மாட்டேன்.”

“வீட்டுக்காரனுக்குமா?”

“காசு கட்டுன ஒண்ணைத்தானங்க நீங்க முடிச்சிருக்கீங்க.”

சார் யோசித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து வைத்தார். ஆனால் ரசீது கேட்டிருக்கிறார். ரசீது இல்லாமல் எந்தப் பணமும் கை மாறக் கூடாது என்பது விதி. அவர் மனைவி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தேதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். வகுப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை.