உறையாத நீலம்: திண்டிவனம் – விழுப்புரம் தடத்து ஸ்லஷ் எந்திரக் கோளாறுகள் குறித்து ஓர் ஆய்வு

எல்லை வகுத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்குவது முன்னோர் மரபு. இந்த ஆய்வுக்கு வட எல்லை திண்டிவனம், தென் எல்லை விழுப்புரம் புதிய பேருந்து நிலையம். இடையில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியும், தொலைதூரப் பேருந்துகள் பயணிகளின் விருப்பத்தைக் கேட்காமல் நிற்கிற மோட்டல்களும் அடங்கும். கீழெல்லையும் மேலெல்லையும் வகுக்கவில்லை. சாலையை விட்டு இறங்கினால் ஒருபுறம் தர்பூசணி, மறுபுறம் கரும்பு. அவை இரண்டும் பின்னால் சாட்சிக் கூண்டில் ஏறும்.

ஆய்வுப் பொருளை வாசகர் பார்த்திருப்பார். கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் தொட்டிகளில், நீலமும் சிவப்பும் பச்சையுமாக ஏதோ ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பலகையில் ‘ஸ்லஷ்’ என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் கேட்பது ‘அந்தச் சுத்துற ஜூஸ்’. தொட்டியின் நடுவே படுக்கைவாட்டில் ஓர் எஃகு உருளை. அதற்குள் குளிரூட்டும் வாயு ஓடுகிறது. உருளையின் மேல் படியும் பனியைப் பிளாஸ்டிக் சுருள் ஒன்று சுற்றிச் சுற்றிச் சுரண்டிவிடுகிறது. தொட்டிக்குக் கீழே கம்ப்ரசரும் மின்விசிறியும் இருக்கின்றன. எந்திரம் மொத்தமும் இவ்வளவுதான். இதில் என்ன பழுதாகிவிடப் போகிறது என்று கேட்பவர் மே மாதம் இந்தச் சாலையில் பயணம் செய்யாதவர்.

முன்னாய்வுகள் மிகக் குறைவு. பதநீருக்கும் காபிக்கும் கோலி சோடாவுக்கும் எழுத ஆள் இருக்கிறது, ஸ்லஷுக்கு இல்லை. பனிக்கட்டியோடு நமக்கு உறவு புதிதல்ல. 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழும்பியது, அமெரிக்காவில் ஏரிகளை அறுத்துக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைப் பூட்டி வைக்கத்தான். ஸ்லஷ் எந்திரத்தின் வரலாறு 1950களின் இறுதியில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக் காஃபிவில் ஊரில் தொடங்குகிறது. ஓமர் நெட்லிக் என்ற கடைக்காரரின் சோடா எந்திரம் மக்கர் செய்தது. சோடாப் புட்டிகளை உறைபெட்டியில் போட்டுவைத்தார். பாதி உறைந்து வெளிவந்ததைக் குடித்தவர்கள் அதையே மறுபடி கேட்டார்கள். அதை வேண்டும்போதெல்லாம் செய்துதர அவர் ஓர் எந்திரம் கட்டினார். ஆக, இந்தப் பானமே ஒரு பழுதின் பிள்ளை. கோளாறு இதற்குப் பிறவிக்குணம் என்று வாதிடுவோர் இந்தச் சான்றைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கோளாறுகளை ஐந்திணையாகப் பகுக்கலாமா என்று முதலில் ஓர் ஆசை எழுந்தது. ஆனால் மே மாதத்தில் இந்த இரண்டு ஊருக்கும் இருப்பது ஒரே திணை, பாலை. எனவே அந்த முறை கைவிடப்பட்டது.

வழக்கிலுள்ள கொள்கைகளைப் பார்ப்போம். எந்திரம் உறைய மறுத்தால் இந்தத் தடத்தில் மூன்று வாதங்கள் எழும். முதலாவது கேஸ் வாதம். இதன் ஆசிரியர்கள் மெக்கானிக்குகள். “கேஸ் போயிடுச்சுண்ணா, ஏத்தணும்” என்பதே இவர்களின் மூல வாக்கியம். எந்திரத்தைத் திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவது இந்த மரபின் சிறப்பு. இரண்டாவது கரண்ட் வாதம். இதைச் சொல்பவர்கள் கடை முதலாளிகள், குற்றவாளி எப்போதும் மின்வாரியம். மூன்றாவது திருஷ்டி வாதம். எந்திரத்தின் தலையில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தொங்கினால் அந்தக் கடை இந்தப் பள்ளியைச் சேர்ந்தது என்று அறியலாம்.

கேஸ் வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. குளிரூட்டும் வாயு பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதல்ல. அடைத்துப் பற்றவைத்த குழாய்க்குள் அதே வாயு ஆண்டுக்கணக்காகச் சுற்றிவர வேண்டும். குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரையைத் தடவினால் குமிழி கிளம்பும் இடம் தெரிந்துவிடும். கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் ஏற்றுவது அடுத்த கோடைக்கும் அதே மெக்கானிக்கை இப்போதே முன்பதிவு செய்துகொள்வதாகும். கரண்ட் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதற்கு முடிவில் வருவோம். திருஷ்டி வாதத்தை மறுக்கச் சான்று கிடைக்கவில்லை. எலுமிச்சை எந்திரத்துக்கு மேலே தொங்காமல் தொட்டிக்குள் இருந்தால் ஏதேனும் சுவையாவது சேர்ந்திருக்கும்.

இந்த ஆய்வு முன்வைப்பது நான்காவது வாதம்: எந்திரத்தில் பெரும்பாலும் குறையில்லை, தொட்டிக்குள் ஊற்றியதில்தான் குறை. இதைச் சர்க்கரை வாதம் எனலாம்.

கரைசல் தூய தண்ணீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் உறையும். கரைந்த பொருள் கூடக் கூட உறைநிலை அதற்கேற்பக் கீழிறங்கும் என்பதை 1788இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் அளந்து எழுதினார். ஸ்லஷ் எந்திரம் முழுக்க இந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது. தண்ணீரை மட்டும் ஊற்றினால் உருளையின் மேல் கல்லாக உறையும். சர்க்கரை இருந்தால் ஒரு பகுதி பனித்துகளாகவும் மறுபகுதி பாகாகவும் பிரிந்து நின்று சுற்றும். எவ்வளவு சர்க்கரை என்பதற்கு அளவு பிரிக்ஸ். ஜெர்மானியப் பொறியாளர் அடால்ஃப் பிரிக்ஸின் பெயர் அது. 100 கிராம் கரைசலில் 1 கிராம் சர்க்கரை இருந்தால் 1 பிரிக்ஸ். ஸ்லஷுக்கு 13 முதல் 15 வரை நல்லது.

இந்த அளவைத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் யாரும் வந்து கற்பிக்கத் தேவையில்லை. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை இதே சாலையில் இருக்கிறது. கரும்பு வெட்டுக்கு ஆயிற்றா என்று பார்க்க வயலிலேயே ஒரு சொட்டுச் சாற்றைக் கைக்கருவியில் விட்டு, கண்ணருகே பிடித்துப் பிரிக்ஸ் படிப்பது இந்த மண்ணின் வழக்கம். அடிக்கரும்பில் எவ்வளவு, நுனியில் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்ப்பதும் உண்டு. கரும்பு விளைகிற இடத்தில் இத்தனை நுணுக்கம்! அதே சாலையில் சற்றுத் தள்ளி, ஸ்லஷ் தொட்டிக்குப் பிரிக்ஸ் பார்க்கும் கருவி கடை எடுபிடிப் பையனின் ஆள்காட்டி விரல். நக்கிப் பார்த்து, “இனிப்பு இருக்குதுண்ணா” என்பான். அந்த விரலைவிட எறும்பை நம்பலாம், அதற்குச் சம்பளமும் இல்லை.

பையன் மேல் பழியில்லை. பாட்டிலில் ‘ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு தண்ணீர்’ என்றிருந்தால் முதலாளி சொல்வது ஏழு. சிரப் 65 பிரிக்ஸ் என்று வைத்துக் கணக்கிடுவோம். ஐந்து பங்கு தண்ணீரில் அது சுமார் 13.6 ஆகும், ஏழு பங்கில் 10.3க்கு இறங்கிவிடும். மைனஸ் 2 டிகிரியில் முதல் கலவையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே பனி இருக்கும். இரண்டாவதில் பனியின் பங்கு 60 விழுக்காட்டை நெருங்கும். அந்த வேறுபாட்டைத் தாங்குவது சுருள். முதலில் கரகரவென்று ஓசை, பிறகு ‘டக், டக்’ என்று இடி, பிறகு மௌனம். சுருள் நின்றாலும் உருளை குளிர்ந்துகொண்டேயிருந்தால் மொத்தமும் ஒரே கட்டியாகிவிடும். அப்போது வலுக்கட்டாயமாகச் சுருளை ஓட்டினால் சுருள் உடையும், அல்லது பல்சக்கரப் பெட்டி போகும். 12 லிட்டர் தொட்டியில் முதலாளி மிச்சம் பிடித்தது சுமார் 400 கிராம் சர்க்கரை. புதுச் சுருளின் விலையை இங்கே எழுதி யாருடைய மனத்தையும் புண்படுத்த விரும்பவில்லை.

இப்போது சாட்சிகளை அழைக்கலாம். திண்டிவனம் வட்டாரத்துத் தர்பூசணிக்கு நல்ல பெயர். கோடையில் சாலையோரம் மலைபோல் குவிந்து கிடக்கும். ‘இயற்கைச் சாறு’ என்று அதைப் பிழிந்து ஸ்லஷ் தொட்டியில் ஊற்ற யாருக்கும் தோன்றும். அதன் பிரிக்ஸ் பெரும்பாலும் 8 முதல் 10 வரை. ஏழு பங்குத் தண்ணீர் ஊற்றிய முதலாளியின் கலவைக்கும் இதற்கும் எந்திரம் வேறுபாடு பாராட்டாது, இரண்டையும் கல்லாக்கும். கரும்புச் சாறு எதிர்முனை. நன்கு விளைந்த கரும்பில் 18, 20 என்று ஏறும். அது கல்லாகாது, ஆனால் மணிக்கணக்கில் சுற்றினாலும் பெரும்பகுதி குளிர்ந்த கரும்புச் சாறாகவே இருக்கும். இரண்டையும் கலந்தால் சராசரி 14ஐ ஒட்டி வரும் என்பதை இந்த ஆய்வின் ஒரே கண்டுபிடிப்பாக முன்வைக்கிறேன். காப்புரிமை கோரவில்லை. குடித்துப் பார்க்கவும் இல்லை.

சர்க்கரையே இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்போர் உண்டு. மேல்நாடுகளில் கிளிசரால் சேர்த்துச் செய்கிறார்கள், அதுவும் உறைநிலையைத் தாழ்த்தும். ஆனால் சிறு குழந்தைகளுக்கு அது ஆகாது. ஏழு வயதுக்குட்பட்டோருக்குக் கிளிசரால் கலந்த ஸ்லஷ் தர வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2025இல் அறிவுறுத்தியது. மதுவும் உறைநிலையைத் தாழ்த்தும். 1971இல் டல்லஸ் நகரில் மரியானோ மார்ட்டினெஸ் என்ற உணவகக்காரர் ஐஸ்கிரீம் எந்திரத்தை மாற்றியமைத்து மதுக்கலவையை ஸ்லஷாக்கினார். அந்த எந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. புதுச்சேரி இரண்டு ஊருக்கும் பக்கத்திலேயே இருப்பதால் இத்தகவலின் நடைமுறைப் பயனை விரித்துரைக்கவில்லை.

அடுத்தது பொறுமை பற்றிய கோளாறு. காலையில் தொட்டியை நிரப்பிச் சுவிட்சைப் போடுவார்கள். சிறிது நேரத்தில் தொட்டால் ஜில்லென்று இருக்கும். ‘ஜில்லுன்னு ஆயிடுச்சு, ஆனா ஸ்லஷ் ஆவல’ என்று மெக்கானிக்குக்கு போன் போகும். இங்கே ஒரு பௌதிக உண்மை குறுக்கே நிற்கிறது. ஒரு கிராம் தண்ணீரை 1 டிகிரி குளிர்விக்க 1 கலோரி வெப்பத்தை எடுத்தால் போதும். 0 டிகிரித் தண்ணீரை 0 டிகிரிப் பனிக்கட்டியாக்கவோ 80 கலோரி எடுக்க வேண்டும். 32 டிகிரியில் ஊற்றிய 12 லிட்டரை உறைநிலைவரை கொண்டுவருவதைவிட, அதில் பாதியைப் பனியாக்கும் வேலை பெரிது. வெப்பமானி பெரிதாக அசையாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் எந்திரம் உயிரைக் கொடுத்து உழைக்கிறது. அதே நேரத்தில்தான் பேருந்து வந்து நிற்கும், இருபது பேர் இறங்குவார்கள், ஐந்து கோப்பை எடுத்தபின் வெளியிலிருந்து வெந்நீர்ச் சூட்டில் புதுக் கலவையை ஊற்றுவார்கள். எடுத்த 80 கலோரியும் வீண். சிரப்பையும் தண்ணீரையும் முதல்நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் அந்த ஃபிரிட்ஜில் முட்டை இருக்கிறது.

காற்றோட்டம் பற்றிச் சுருக்கமாக. தொட்டியிலிருந்து எடுத்த வெப்பத்தை எந்திரம் பின்புறக் கம்பிவலை வழியாக வெளியே தள்ள வேண்டும். கையேடுகள் சுற்றிலும் 15 சென்டிமீட்டர் இடமும் அதிகம் சூடாகாத அறையும் கேட்கின்றன. நாம் கொடுப்பது இடப்புறம் பரோட்டாக்கல், வலப்புறம் டீ பாய்லர், பின்னால் சுவர். விசிறி இழுப்பது மைதாவும் எண்ணெய்ப் புகையும் கலந்த காற்று. சில மாதங்களில் கம்பிவலையின் மேல் ஒரு போர்வையே நெய்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். பலமுறை ‘கேஸ் ஏற்றி’ச் சரியான எந்திரங்கள் உண்மையில் இப்படித் துடைத்துச் சரியானவை என்பது என் துணிபு.

ஒழுகல் தனிக் கட்டுரைக்கான பொருள். தொட்டியின் பின்னால் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் சொட்டும். கையில் கிடைத்த எண்ணெயைத் தடவினால் வளையம் ஊதி இன்னும் சொட்டும். உணவுக்கான கிரீஸ் என்று ஒன்று உண்டு, அவ்வளவுதான்.

பயன்படுத்துவோர் தரப்புக் கோளாறு ஒன்றும் பதிவாக வேண்டும். உறிஞ்சுகுழலால் ஆசையாக இழுத்த பிள்ளை, கோப்பையில் வெறும் வெள்ளைப் பனி மிஞ்சியதைக் கண்டு, “அம்மா, ஏமாத்திட்டாங்க” என்று அழும். யாரும் ஏமாற்றவில்லை. தண்ணீர் பனியாகப் படிகமாகும்போது சர்க்கரையையும் நிறத்தையும் உள்ளே விடாது. அவை பாகில் ஒதுங்கும், பாகை முதலில் இழுத்துவிட்டால் பனி தனியே கிடக்கும். அழுகிற பிள்ளைக்கு இதை விளக்கலாம், பேருந்து கிளம்பிவிடும் என்பதுதான் சிக்கல்.

கடைசியாக மெக்கானிக் வருகை விளைவு. முண்டியம்பாக்கத்தில் மனிதர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. ஸ்லஷ் எந்திரத்துக்கு இருப்பது ஒரு மெக்கானிக்கின் செல்பேசி எண். மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது கம்ப்ரசரால் கிளம்ப முடியாது. ‘உம்ம்ம்’ என்று முனகிச் சூடாகும். ஓவர்லோடு சுவிட்ச் ‘டிக்’ என்று துண்டிக்கும். சூடு தணிந்ததும் மறுபடி இணைக்கும். மறுபடி முனகல், மறுபடி ‘டிக்’. முதலாளி பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு போன் போடுவார். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் கம்ப்ரசர் ஆறியிருக்கும், தெருவில் வோல்டேஜும் ஏறியிருக்கும். அவர் பிளக்கை மாட்டுவார். எந்திரம் ஓடும்.

“என்னாப்பா பண்ண?”

“ஒண்ணும் பண்ணலண்ணா, ஓடுது பாருங்க.”

“அதுக்கு எவ்ளோ?”

“விசிட்டிங் சார்ஜ் மட்டும் குடுங்கண்ணா. அடுத்த தடவ வந்து கேஸ் ஏத்திடறேன்.”