முதலில் ஓடு, கடைசியில் டைல்ஸ்!

குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளின் அடுக்களையைப் புதுப்பிக்கக் கிளம்பியிருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த வாரப் பதில்கள்.

கையில் 4 லட்சம் இருக்கிறது. தாத்தா காலத்து ஓட்டு வீடு. அடுக்களை வேலையை எதில் தொடங்கலாம்?
(வாசகர், பூதப்பாண்டி)

பென்சிலில் தொடங்குங்கள். முதலில் 60,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கையில் இருப்பது 3,40,000 மட்டும்தான் என்று எழுதுங்கள். பழைய வீடு தன் குறையை உடைத்த பிறகுதான் சொல்லும். கரையான் அரித்த உத்திரம், அடைத்துப்போன ஓடை, கால் வைத்தால் உள்வாங்கும் தரை எல்லாம் வேலை தொடங்கிய மூன்றாம் நாள்தான் முகம் காட்டும். அந்த 15 சதவீதம் அதற்கு.

மிச்சப் பணத்துக்கு வரிசை இது: கூரை, தண்ணீர் வரவும் போகவும் வழி, மின்கம்பி, தரை, மேடை, கடைசியாக அலமாரி. அலமாரியை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம். சுவருக்குள் போகிற குழாயை அடுத்த வருஷம் மாற்றினால் டைல்ஸையும் சேர்த்து உடைக்க வேண்டும்.

எந்த மாதம் வேலை தொடங்கலாம்?
(வாசகி, குலசேகரம்)

பொங்கல் பானையை இறக்கியதும் தொடங்கி, சித்திரைக்குள் முடியுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி வரும், அக்டோபரில் துலா மழை வரும். இரண்டுக்கும் நடுவே ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு ஆசாரியை எதிர்பார்த்து உட்கார முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்த விதம் நமக்கு மறக்காது. வேலை நடக்கும் நாள்களில் புறவாசலில் தற்காலிக அடுப்பு போட ஆகும் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் ஓட்டல் சாப்பாடு அந்தக் காசைத் தின்றுவிடும்.

ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறான் மகன்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை)

மகனை ஒருமுறை நடுப்பகலில் அந்த ஓட்டுக்குக் கீழே நிற்கச் சொல்லுங்கள். அடுப்புச் சூடு மேலே ஏறி ஓட்டு இடுக்கு வழியாகப் போய்விடுகிறது. கான்கிரீட்டில் அதற்கு வழி இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் பழைய சுவர் ஓட்டின் பாரத்துக்காகக் கட்டியது. கான்கிரீட்டைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மங்களூரில் 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழித்தோன்றல்தான் உங்கள் தலைக்கு மேல் இருப்பது. உடைந்த ஓட்டையும் இற்ற கழுக்கோலையும் மட்டும் மாற்றுங்கள். இருட்டாக இருந்தால் இரண்டு கண்ணாடி ஓடு போதும், பகலில் விளக்கே வேண்டாம். கான்கிரீட்தான் என்று முடிவானால், பக்கத்துத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் காட்டிய வழி இருக்கிறது. அவர் கான்கிரீட் தட்டின் கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்து, கான்கிரீட் அளவைக் குறைத்தார். உங்கள் ஓடும் வீணாகாது.

விறகடுப்பை எடுத்து கேஸ் வைத்தோம். இப்போது கழுக்கோலில் பூச்சி. ஏன்?
(வாசகி, திருவட்டாறு)

புகைதான் அதுவரை காவல் காத்தது. மரத்தில் படிந்த கரி பூச்சியை அண்டவிடவில்லை. காவல்காரரை அனுப்பிவிட்டால் மாற்று ஆள் வேண்டுமே! நம் ஊர் முந்திரி ஆலைகளில் கிடைக்கும் அண்டித் தோட்டு எண்ணெய் நல்ல மருந்து. ஆனால் தோலில் பட்டால் பொத்துவிடும். கையுறை போட்ட, பழகிய ஆள்தான் பூச வேண்டும்.

பட்டாசாலைக்கும் அடுக்களைக்கும் நடுச்சுவரை இடித்து ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்கலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

முதலில் மச்சில் ஏறிப் பாருங்கள். உத்திரம் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தால் தொடவே கூடாது. உட்காரவில்லை என்றாலும், மத்தி பொரிக்கும் நாளை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். சுவரில் ஒரு ஜன்னல் அளவுக்குத் திறந்தால் தட்டும் போகும், பேச்சும் போகும். இன்னொன்று, சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு உப்பிக் கழன்று விழும்.

அடுப்பை எந்தத் திசையில் வைக்க? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(வாசகி, ஆரல்வாய்மொழி)

அக்கினி மூலையில் வைப்பது உங்கள் நம்பிக்கை என்றால் அப்படியே வையுங்கள். கூடவே காற்றையும் கேளுங்கள். உங்கள் ஊர் கணவாய்க் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆனி, ஆடியில் மேற்கு ஜன்னலுக்கு நேரே அடுப்பு இருந்தால் தீ அணைந்து, கேஸ் மட்டும் கசியும். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அதனால் வெளியேற ஒரு துவாரம் தரை மட்டத்தில் இருக்கட்டும். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும்.

மேடை உயரத்தில் எனக்கும் அத்தைக்கும் சண்டை.
(மருமகள், சுசீந்திரம்)

உங்கள் முழங்கை சண்டையைத் தீர்த்துவைக்கும். நின்று கையை மடக்கி, முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே கோடு போடுங்கள். அதிக நேரம் நிற்பவர் யாரோ அவர் கோடுதான் மேடை. அத்தை அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறவர் என்றால், வெளிச்சம் விழும் இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி தரையை அவருக்கு விட்டுவையுங்கள். அந்த இடத்தில் வழுக்காத டைல்ஸ் போடுங்கள்.

அலமாரிக்கு எந்தப் பலகை?
(வாசகர், குளச்சல்)

கடற்கரை ஈரத்தில் மரத்தூள் பலகை உப்பிப்போகும். சிங்க்குக்குக் கீழே பலகை அலமாரியே வேண்டாம். மற்ற இடத்துக்குப் பிளைவுட் என்றால் பலகையில் ‘ஐ.எஸ். 710’ முத்திரை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பரணில் பழைய அயனிக் கதவோ பலாப் பலகையோ கிடந்தால், கடைக்குப் போகுமுன் ஆசாரியை அங்கே ஏற்றுங்கள்.

கொத்தனார் ‘ஆகிறதைப் பார்த்துக்கலாம்’ என்கிறார்.
(வாசகி, மார்த்தாண்டம்)

ஆகிறதை எழுதிக்கொள்ளலாம் என்று அன்பாகச் சொல்லுங்கள். சாமானுக்கு ஒரு பக்கம், கூலிக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு வரியிலும் அளவு, விலை, தொகை. பணத்தை வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுங்கள், கடைசிப் பகுதி தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு. சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய மதிப்பீடு கையில் இருந்தால் புதிதாகக் கேளுங்கள். சுவரை மூடுமுன் குழாயும் கம்பியும் போகும் வழியைப் போட்டோ எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும்.

பத்மநாபபுரம் அரண்மனை போலக் கறுப்புத் தரை போட ஆசை!
(கல்லூரி மாணவி, இரணியல்)

ஆசை நல்லது! சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். அது கொலுமண்டபத்துக்கு உரியது. மோரும் புளியும் சிந்துகிற அடுக்களையில் சுண்ணாம்புத் தரை அரிபடும். உங்கள் வீட்டில் பாட்டி காலத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்தால், விரிசலை மட்டும் அடைத்து மெருகேற்றுங்கள். செலவும் குறையும், அழகும் போகாது.

அம்மியை எடுத்துப் போட்டுவிடலாமா?
(வாசகர், தோவாளை)

தீயலுக்கு வறுத்த தேங்காயை வீட்டில் யாராவது இன்னும் அதில் அரைக்கிறார்களா? அரைத்தால் புறவாசல் சாய்ப்பில் ஒரு மேடை கட்டி ஏற்றிவையுங்கள், குனிய வேண்டாம். இரண்டு மூட்டை சிமெண்டில் முடிகிற வேலை.

வீட்டில் ‘உங்க இஷ்டம்’ என்கிறாள். நீங்களே ஒரு பிளான் சொல்லுங்களேன்.
(வாசகர், அகஸ்தீஸ்வரம்)

நாளைக் காலை 5 மணிக்கு எழுந்து, 9 மணிவரை நீங்கள் அடுக்களையில் நில்லுங்கள். தோசையும் சட்னியும் மதியச் சோறும் நீங்களே செய்யுங்கள். அவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். எத்தனை முறை குனிந்தீர்கள், எத்தனை முறை அங்கணத்துக்கும் அடுப்புக்கும் நடந்தீர்கள், எதை எட்டி எடுக்க முடியவில்லை, எங்கே உங்கள் நிழலே வெட்டுகிற கத்தியின் மேல் விழுந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளை அவரிடம் கொடுத்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் யாரும் கேட்காததால்தான் ‘உங்க இஷ்டம்’ என்றார். நீங்கள் எழுதியது பத்து வரி என்றால் அவர் முப்பது வரி சேர்ப்பார்.

அந்த நாற்பது வரியை அப்படியே கொத்தனார் கையில் கொடுங்கள்.