கால் நனையாத கோச்

ஏப்ரல், மே மாதங்களில் விடிகாலையிலேயே கோவளம், முட்டுக்காடு பக்கம் போனால், பேடில் போர்டு கற்றுத்தரும் ஒரே சம்மர் கேம்ப்பில் இரண்டு கோச்களைப் பார்க்கலாம். ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் பலகையைப் பிடித்தபடி அதிகம் பேசாமல் நிற்பார். கட்டணம் வாங்கியவர் அவர். இன்னொருவர் செருப்புகூட நனையாமல் கரையில் நிற்பார். ஒரு கையில் ஃபோன், மறுகையில் காபி ஃபிளாஸ்க். குரல் மட்டும் நடுக்கழிவரை நீந்திப் போகும். கட்டணம் கட்டிய அப்பா இவர். "முட்டியை மடக்குடா! நேராப் பாரு! இங்க பாரு, ஃபோட்டோ!" மூன்று உத்தரவுக்கும் ஒரே நொடியில் கீழ்ப்படியப் பார்க்கும் பிள்ளை தண்ணீருக்குள் போய்விடுகிறான். "நான்தான் சொன்னேன்ல?" என்கிறார் இவர்.

விழுந்த குற்றம் பிள்ளையுடையதல்ல. கற்றுக்குட்டிக்குத் தரும் பேடில் போர்டு 10 அடி நீளமும் 30 அங்குலத்துக்கு மேல் அகலமும் உள்ளது, சும்மா கவிழாது. முதலில் மண்டியிட்டு, பிறகு பாதங்களைத் தோளகலத்துக்கு விரித்து எழுந்து, தொடுவானத்தைப் பார்த்தபடி துடுப்புப் போட்டால் அது நிற்கும். தலை கரைப்பக்கம் திரும்பினால் தோளும் திரும்பும், எடை ஒருபக்கம் சாயும். துடுப்பு நின்றாலோ இருக்கிற பிடிமானமும் போய்விடும். ஆகவே அப்பா சொல்வது சரியான யோசனையாகவே இருந்தாலும், அதைக் காதில் வாங்குவதே ஆபத்து. அது பெரும்பாலும் சரியாகவும் இருப்பதில்லை. துடுப்பின் தட்டு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இவரோ குழம்புக் கரண்டியை நினைத்துக்கொண்டு, "திருப்பிப் பிடிச்சு வாருடா" என்பார்.

"பெத்தவனுக்குப் பயம் இருக்காதா?" என்று கேட்பார்கள். இருக்க வேண்டும், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே. லைஃப் ஜாக்கெட் அளவாக இருக்கிறதா, பலகையைக் காலோடு பிணைக்கும் லீஷ் உண்டா, ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்றடித்தால் வகுப்பை நிறுத்துவார்களா என்பதெல்லாம் அன்று கேட்க வேண்டியவை. அன்று இவர் கேட்டது, தள்ளுபடி உண்டா என்பது மட்டும்தான். மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல் சர்ஃப் பள்ளி தொடங்கிய ஊர் கோவளம். கடலோடு வளர்ந்தவர்கள் கற்றுத்தரும் இடத்தில், யூடியூபோடு வளர்ந்தவர் திருத்தம் சொல்ல வேண்டியதில்லை.

"உற்சாகப்படுத்தக்கூடக் கூடாதா?" என்பது அடுத்த கேள்வி. பிள்ளை கரையேறிய பிறகு தாராளமாகச் செய்யலாம். தண்ணீரில் இருக்கும்போது ஒவ்வொரு விழுதலையும் கட்டணத்தில் கழிந்த நஷ்டமாக இவர் கணக்கெழுதுகிறார். ஆனால் பலகையை விட்டு விலகி, உடம்பைப் பரத்தி விழுவதும், நடுப்பகுதியைப் பிடித்துத் திரும்ப ஏறுவதும்தான் அங்கே முதல் பாடம். விழாத பிள்ளை பாதிப் பாடத்தைத்தான் படித்திருக்கிறான். எனவே அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கோடையில் இரண்டு இடங்களுக்குப் பணம் கட்டுங்கள். நீங்களும் ஒரு பலகையில் ஏறி நின்று காட்டுங்கள்; அதற்குப் பிறகும் குரல் எழும்பினால் கத்துங்கள்.