641 பேரோடு ஒருவன்

கேள்வி: ‘ஹெர்’ படம் பார்த்து என் தோழி அழுதாள், அவள் கணவரோ, “கம்ப்யூட்டரைப் போய் எவனாவது காதலிப்பானா?” என்று சிரித்தார். நீங்கள் யார் பக்கம்?

பதில்: அழுதவர் பக்கம்தான். ஸ்பைக் ஜோன்ஸ் 2013-ல் எடுத்த அந்தப் படத்தின் நாயகன் தியோடர், அடுத்தவர் காதலுக்குக் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஊருக்கெல்லாம் அன்பு சமைத்துப் போட்டவன், தன் வீட்டில் பட்டினி! அவன் காதலிக்கும், குரலாக மட்டுமே வரும் கம்ப்யூட்டர் சமந்தாவிடம், சுரங்க ரயில் படிக்கட்டில் உட்கார்ந்து, வேறு யாரோடும் பேசுகிறாயா என்று கேட்பான். 8,316 பேர் என்பாள். காதலிப்பது? 641. அப்போது தியோடராக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸின் முகத்தைப் பாருங்கள்: இன்னும் ஒரு படி இருக்கிறதென்று கால் வைத்து ஏமாந்தவன் முகம். அந்த இடத்திலும் கணவர் சிரித்தாரா? தோழியிடம் கேட்டு எழுதுங்கள்.