விபீஷணரின் மூன்று முகங்கள்

கேள்வி: 'சிடுசிடு', 'கடுகடு', 'உம்' மூன்றையும் வாக்கியத்தில் அமைத்துக் காட்டுங்களேன்? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: உங்கள் ஊர்த் தலபுராணமே போதும். இலங்கைக்குக் கொண்டுபோன பெருமாள் சிலையைச் சற்றுப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தால், காவிரிக்கரையில் கீழே வைத்துவிட்டானே என்று ஒரு சிறுவனிடம் விபீஷணர் சிடுசிடுத்தார். கடுகடுத்த முகத்தோடு திருச்சி மலைக்கோட்டை உச்சிவரை துரத்திப்போய்த் தலையில் ஒரு குட்டு வைத்தார். குட்டு வாங்கியவர் பிள்ளையார்! கீழே வைத்த சிலையோ அசையவில்லை; இனி வெறுங்கையோடுதான் இலங்கை திரும்ப வேண்டும் என்றதும் உம்மென்று நின்றார். அரங்கன் மனமிரங்கி, இலங்கை இருக்கும் தென்திசை நோக்கிப் பள்ளிகொண்டார்.

ஆக, சிடுசிடுப்பு பேச்சில், கடுகடுப்பு முகத்தில், 'உம்' மௌனத்தில். 'சிடுமூஞ்சி'க்கும் உதாரணம் வேண்டுமா? மே மாத மதியம் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குக் காத்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பாருங்கள்!